ஓட்டையே இல்லாத பன்னிரண்டாயிரம் கையுறைகள்

திங்கட்கிழமை காலை சோதனை லைன் ஓட மறுத்ததும் அகதா கணினி முன்னால் ஓடிவந்து உட்கார்ந்தாள். மலேசியாவின் சுங்கை காடுட் கையுறைத் தொழிற்சாலையில் கணினி பார்க்கச் சேர்ந்து அன்றோடு மூன்று மாதம். மாலைக்குள் மேனேஜர் ராமகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கே திரும்பி, அம்மாவோடு பால் மரம் சீவ வேண்டும்.

வருஷம் 1999. இரண்டாயிரம் பிறந்தால் கணினிகளுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று உலகமே பயந்து கிடந்தது. அதற்காகத்தான் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து புது லினக்ஸை ஏற்றியிருந்தாள். சர்வர் என்னவோ ஒரே பெட்டிதான். அதற்குள் ஒரு மென்பொருள் இரண்டு கணினிகள் இருப்பதாக நடித்துக் காட்டும். ஒன்றில் ஆபீஸ் வேலை, மற்றதில் கையுறைச் சோதனை. சோதனைப் பக்கம்தான் இப்போது படுத்துவிட்டது.

எந்திரம் ஒவ்வொரு கையுறையிலும் காற்றை ஊதி, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று எண் அனுப்பும். அந்த எண்ணைப் படிக்கும் குறிப்புகள் தனியாக ஒரு லைப்ரரி கோப்பில் இருக்கும். பழைய புரோகிராம் பழைய லைப்ரரியைக் கேட்டது. புது லினக்ஸில் புது லைப்ரரிதான் இருந்தது. புரோகிராமை எழுதிய புண்ணியவான் சிங்கப்பூர் போய் இரண்டு வருஷம்.

நாலு மணிக்கு கண்டெய்னர் போகணும் என்று முதுகுக்குப் பின்னால் நின்று ராமகிருஷ்ணன் பத்து தடவை சொல்லிவிட்டார். அகதா தோட்டத்துப் பிள்ளை செய்வதையே செய்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி மண்டோர் அம்மா பேரைக் கூப்பிடுவார், அக்கா மார்த்தா கை தூக்குவாள். மரம் சீவியானால் போதும், மண்டோர் கண்டுகொள்ள மாட்டார். அதேபோல அகதா புது லைப்ரரிக்குப் பழைய பேரைச் சூட்டினாள். பேரைக் கூப்பிட்டதும் ஆள் வந்தது. லைன் ஓடியது.

ராமகிருஷ்ணன் முகம் மலர்ந்துபோனார். கடிதம் டைப் ஆகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் இரண்டு மணிக்கு அகதா திரையைப் பார்த்தாள். பன்னிரண்டாயிரம் கையுறை தாண்டியிருந்தது. கழித்தது பூஜ்யம். நூற்றுக்கு இரண்டு மூன்று ஓட்டையாவது வராமல் அங்கே ஒரு நாளும் போனதில்லை.

சத்தமில்லாமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கையால் சோதிக்கும் வள்ளியம்மாவிடம் போனாள். வள்ளியம்மா ஒவ்வொன்றிலும் தண்ணீர் பிடித்துத் தூக்கினாள். பதினோராவது கையுறையின் கட்டைவிரலில் சொட்டியது. நூறு முடிவதற்குள் நாலு ஒழுகிவிட்டன.

அகதாவுக்கு விளங்கிவிட்டது. புது லைப்ரரி எண்ணை வேறு இடத்தில் எழுதி வைக்கிறது. பழைய புரோகிராம் பழைய இடத்திலேயே தேடி, அங்கே ஒன்றும் இல்லாததால் பூஜ்யம், அதாவது காற்றே குறையவில்லை, என்று படிக்கிறது. மார்த்தாவுக்காவது அம்மாவின் மரங்கள் தெரியும்.

"எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுதோ," என்றாள் வள்ளியம்மா. அகதாவுக்கு அழுகை முட்டியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே தன்மேல் வெறுப்பு வந்தது. அவள் ஓடினாள்.

கண்டெய்னர் லாரியின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். ராமகிருஷ்ணன் கையில் அவளுடைய கடிதமே இருந்தது. அகதா எல்லாவற்றையும் சொன்னாள். மிஷின் கோளாறு என்று எழுதிக்கொள்ளலாமா என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு சார். நான்தான் பேர மாத்தி வச்சேன். லாரிய எறக்கச் சொல்லுங்க."

அவர் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். பெட்டிகளை இறக்கச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "நாளைலேர்ந்து வர வேணாம்," என்றார்.

அவள் அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. அலமாரியில் கிடந்த பழைய லினக்ஸ் சிடியைத் தேடி எடுத்தாள். பழைய லைப்ரரியைப் புதியதன்மேல் போடாமல் தனி அறை போல ஒரு இடத்தில் வைத்து, இந்தப் புரோகிராம் மட்டும் அங்கே போய் எடுக்கும்படி செய்தாள். வள்ளியம்மா கண்டுபிடித்த நாலு ஓட்டைக் கையுறைகளையும் காய வைத்து எந்திரத்தில் மாட்டினாள். நாலுக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

ராமகிருஷ்ணன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மறுபடி நின்னா யாரு பாப்பாங்க?"

"அது தெரியாது சார். நான் வரக் கூடாதுல்ல," என்று சொல்லிவிட்டு அகதா தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

அவர் வழியை விட்டு நகரவில்லை. பையிலிருந்த கடிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, மேசைமேல் வைத்துப் பேனாவைத் தேடினார்.