ஐந்து வோல்ட்டில் எவ்வளவு

போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வக்தியின் கை நடுங்குகிறது என்று இன்ஜினியர் இனாஸ் சொல்லி இரண்டு வாரமாகிறது. இன்று மதியம் மருத்துவமனைக்காரர்கள் வருவதற்குள் போர்டு ஒழுங்காக ஓடாவிட்டால் அவருக்குச் சீட்டுக் கிழியும் என்று முதலாளி மித்ஹத் எல்லார் காதுபடவும் சொல்லியிருந்தார்.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டரின் போர்டு அது. நர்ஸ் மேசைக்கு வயர்லெஸில் தகவல் அனுப்பும் நொடியில் சிப் மின்சாரத்தைச் சட்டென்று உறிஞ்சும். அந்த நொடிக்கு மட்டும் ஈடுகொடுக்கத்தான் சிப்பைச் சுற்றிக் குட்டிக் கெப்பாசிட்டர்கள். குழாயில் தண்ணீர் வந்து சேரும்வரை சமாளிக்கிற குடம் மாதிரி. ஆனால் இந்தப் போர்டு அரை மணிக்கொரு தரம் அணைந்து எழுந்தது. குழந்தைக்குச் சூடு போகும் நேரத்தில் அணைந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

பழைய கெப்பாசிட்டர் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டபோது புதியதைத் தேர்ந்தெடுத்தவள் இனாஸ். கொள்ளளவு அதே பத்து மைக்ரோஃபாரட், உருவம் மட்டும் கால்வாசி. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்று கெத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு போர்டு அணைந்தால் பழி யார்மேல் விழும்? பற்றவைத்தவர்மேல்தான். படித்தவர்கள் பழக்கம் அது.

காலையில் வக்தி மறுபடி பற்றவைத்த போர்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அவள் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"என்ன இன்ஜினியரம்மா, வாய் ஒட்டிக்கிச்சா? குத்தம் கண்டுபிடிங்க."

"மூட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு, உஸ்தா வக்தி." மேஸ்திரி என்ற அந்த மரியாதையை மட்டும் அவள் விடவில்லை.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போர்டின் திரை இருண்டது. மணி பதினொன்றரை. இனாஸ் ஒரு கெப்பாசிட்டரைப் பிடுங்கி மீட்டரில் வைத்தாள். ஒன்பது புள்ளி எட்டு என்றது. இதே மீட்டரைக் காட்டித்தான் இரண்டு வாரமாக வக்தியின் வாயை அடைத்திருந்தாள்.

"பாத்தீங்களா? பத்துதான்."

வக்தி சிரித்தார். அது நல்ல சிரிப்பில்லை. "சும்மா நிக்கிறப்ப என் மச்சானும் பயில்வான்தான். மூட்டையைத் தூக்குடான்னா முதுகு வலிக்குதும்பான்."

அவள் கை அப்படியே நின்றது. மீட்டர் அளப்பது அரை வோல்ட்டில். போர்டில் அதன்மேல் ஏறி உட்காருவது ஐந்து வோல்ட். மீட்டரிலேயே வோல்ட் ஏற்றி அளக்கும் வழி உண்டு. அவள்தான் ஒருநாளும் அதைத் தொடவில்லை. ஒரு வோல்ட் ஏற்றினாள்: ஒன்பது. மூன்று வோல்ட்: ஐந்து. ஐந்து வோல்ட்டில் இரண்டரைதான் மிஞ்சியது. மிச்சமிருந்த பழைய கெப்பாசிட்டரில் ஒன்றை எடுத்து வைத்தாள். எட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

கதவு திறந்தது. மித்ஹத் மருத்துவமனை டாக்டரம்மாவை அழைத்து வந்தார்.

"மறுபடி அணைஞ்சுதா? நான் வழியிலயே சொல்லிட்டேன் டாக்டர், பற்றவைக்கிறவர்தான் கோளாறு. இன்னியோட அவரை அனுப்பிடறோம். புது ஆளு வந்தா எல்லாம் சரியாயிடும். என்ன இனாஸ்?"

தலையசைத்தால் போதும். சத்தமில்லாமல் பழைய கெப்பாசிட்டரையே திரும்பப் பொருத்திவிட்டுப் புது ஆளின் கைவண்ணம் என்று சொல்லிவிடலாம். அந்த நினைப்பு அவளுக்கு வரத்தான் செய்தது, வராமலில்லை.

"இல்ல சார். தப்பு என்னோடது. நான் எடுத்த கெப்பாசிட்டர் போர்டுல கால்வாசிதான் நிக்குது. இதை நான் அளந்தே பாக்கல. அதை வெச்சுச் செஞ்ச இருநூறு போர்டையும் கழட்டணும். இன்னிக்குக் குடுக்கக் கூடாது."

மித்ஹத்தின் முகம் சிவந்தது. டாக்டரம்மா போர்டுகளை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடவிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்போ," என்றார் மித்ஹத், பல்லைக் கடித்துக்கொண்டு, "உஸ்தா வக்தி இருக்கட்டும்."

வக்தி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இனாஸைத்தான் பார்த்தார்.

"அப்ப என் கை நடுங்கலையா?"

"இல்ல உஸ்தா. உங்க கையில ஒண்ணுமில்ல. நான் சும்மா சொன்னேன்."

"படிச்ச பொண்ணு சொல்றாளேன்னு நம்பிட்டேம்மா," என்றார் அவர். "பத்து நாளா நடுக்கத்துக்கு மாத்திரை முழுங்கறேன். பேத்தியைக்கூடத் தூக்கல, கீழ போட்டுடுவேனோன்னு பயந்து."