மசாலா ஆற்றில் ஒரு பரிசல்

1

இந்தக் கதை எனக்குச் செருப்பிலிருந்து கிடைத்தது.

எண்பத்தாறு என்று நினைக்கிறேன், ஆடி முடிந்த சமயம். பென்னாகரத்தில் பஸ் மாறி ஒகேனக்கல் போய் இறங்கினால், காவிரியில் வெள்ளம். குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை, மீனும் இல்லை. வறுத்த மீனுக்காகவே கிளம்பிப் போய், வீட்டில் 'இயற்கையை ரசிக்க' என்று சொல்லியிருந்த எழுத்தாளன் என்ன செய்வான்? வெறும் கடைகளை ரசித்தபடி நடந்தேன்.

ஒரு மீன் கடையில் மட்டும் மேசைக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். செருப்புகளை வாசலில் வரிசையாகக் கழற்றி விட்டிருந்தார்கள். பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டு உட்கார எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்? யோசித்து முடிப்பதற்குள் நாலு பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். ஒரு பெஞ்சு கவிழ்ந்தது. விழுந்தவர்களும் சிரித்தார்கள், விழாதவர்களும் சிரித்தார்கள். பஸ்காரர் ஹாரன் அடித்தார். நான் ஓடினேன்.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

'காவிரி சீறிப் பாய்ந்த அந்த நாளில் பரிதாவின் மனமும்—'

வேண்டாம். ஆறும் மனமும் ஜோடியாகப் பாயும் கதைகளை நானே தேவைக்கு மேல் எழுதியாயிற்று.

'மீன் கடைக்காரி பரிதாவின் கண்களில் ஒரு சோகம்—'

சோகமெல்லாம் இல்லை. பேனா பழக்கதோஷத்தில் போட்டுவிட்டது.

'பரிதாவுக்கு அலுப்பாக இருந்தது.'

இது பரவாயில்லை. நடக்கிறது.

3

பரிதாவுக்கு அலுப்பாக இருந்தது. மீன் வரத்து நின்று நாளாகியிருந்தது. அடுப்பு சில்லிட்டு, வாணலி கவிழ்ந்து கிடந்தது. பரிசல் ஓட்டும் சென்றாயனும் தீர்த்தகிரியும் வேலையில்லாமல் அவள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, போக முடியாத ஆற்றையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். மீன் கழுவித் தரும் சகாயமேரி கொட்டாவி விட்டாள்.

மீதமிருந்த மீன் மசாலாவை வீணாக்க மனமில்லாமல், பரிதா அதை ஒரு விரலில் எடுத்து மேசைமேல் இழுத்தாள். வளைந்து வளைந்து ஒரு ஆறு ஓடியது. கல் உப்பை வைத்தாள், பாறை. சோடா மூடியை வைத்தாள்.

"இதா பரிசலு. ஏறுங்க."

"என்னாத்துக்கு?" என்றார் சென்றாயன்.

"வேற ஆளா மாறி ஏறணும்ண்ணே. யாரா இருக்குறீங்க?"

சென்றாயன் மசாலாவை உற்றுப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் ராணி."

"மீசையோடயா?"

"மீசை எனக்குத்தாம்மா. ராணிக்கு இல்ல."

"நான் முதலை" என்றாள் சகாயமேரி.

"முதலையெல்லாம் பரிசல்ல ஏறாது மேரி."

"டிக்கெட்டு எடுத்தா ஏறும்."

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தான். "நான் பரிசல்காரனாவே இருக்கறேன்க்கா."

"தெனமும் அதாண்டா நீயி!"

"இவன் வேற. இவனுக்குப் பரிசல் சொந்தம்."

சொல்லிவிட்டு அவன் எழுந்து போய் வாசலில் செருப்பைக் கழற்றினான். பரிசலில் செருப்போடு ஏறுகிறவன் பரிசல்காரன் இல்லை. மற்றவர்களும் எழுந்து போய்க் கழற்றினார்கள். அந்த நிமிடத்தில்தான் மசாலாவில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.*

* பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் பிற்பாடு சொன்னான்: வெளிநாட்டில் இதே மாதிரி ஒரு ஆட்டத்தைப் பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். ஒருத்தர் கதையை நடத்த, சுற்றி இருப்பவர்கள் வேறு ஆளாகி அதற்குள் புகுந்துவிடுவார்களாம். விதிகளே ஒரு தடிப் புத்தகமாம். பரிதாவின் விதி இவ்வளவுதான்: ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய ஐந்து புளியங்கொட்டைகள். உருட்டும்போது வெள்ளை அதிகம் விழுந்தால் நீங்கள் நினைத்தது நடக்கும். கருப்பு அதிகம் விழுந்தால் பரிதா நினைத்தது நடக்கும்.

4

தினமும் ஆடினார்கள். முதலை வரி கட்ட மறுத்தது. ராணி ஒரு பாறையைக் கல்யாணம் செய்துகொண்டாள். சுழி வந்தால் பரிசல் சாயும். சாய்ந்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிமிர்த்துவது பரிசல்காரர்களுக்குப் பிறவிப் பழக்கம். பெஞ்சுகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதைத்தான் நான் பார்த்தேன்.

(இந்த இடத்தில் பரிதாவின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். மீன் பொரிப்பவளுக்கு இத்தனை கற்பனை எங்கிருந்து வந்தது என்று அரைப்பக்கம் விளக்கம் எழுதினேன். படித்தேன். எனக்கு ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.)

ஒரு நாள் ராணி உத்தரவு போட்டாள்.

"அருவியில ஏறுங்க."

"எறங்குறதுதான அருவி?" என்றான் தீர்த்தகிரி.

"எறங்குறத தெனமும்தான் பாக்கறோம். ஏறுறத எவன்டா பாத்தான்? வுடு பரிசல!"

"மேல என்னாக்கா இருக்குது?" என்று முதலை கேட்டது.

"ஏறிட்டு வந்து கேளு" என்றாள் பரிதா, கெத்தாக.

அவளுக்குத் தெரியாது. மேலே என்ன வைப்பது என்று அவள் யோசித்திருக்கவே இல்லை. யாராவது அவ்வளவு தூரம் வருவார்கள் என்று எதிர்பார்த்தால்தானே? (எனக்கும் இந்த நோய் உண்டு. ஆனால் என் வாசகர்கள் பாதியிலேயே இறங்கிவிடுவதால் இதுவரை மாட்டியதில்லை.)

வீட்டில் மாவு பிசையும்போதும் யோசித்தாள். தங்க அரண்மனை? சினிமா மாதிரி இருந்தது. பூதம்? முதலை அதையும் தின்றுவிடும். அவள் வாழ்நாளில் முதல்முறையாகத் தானே உண்டாக்கிய ஒன்று, மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தபின், வெறும் மொட்டைப் பாறையாக முடிந்தால்? அதைவிடத் தண்ணீர் வடிந்து, தடையை எடுத்து, எல்லோரும் தொழிலுக்குப் போய்விட்டால் மானம் தப்பும் என்று தோன்றியது. தடை நீங்கியதை மைக்கில் சொல்லும் போலீஸ் ஜீப் வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

5

ஜீப் வந்தது.

பரிசல் அருவியின் நடுவில், கல் உப்பின் மேல் சோடா மூடியாகத் தொங்கிக்கொண்டிருந்த மத்தியானம். மைக்கில் போலீஸ்காரர் கத்தினார்: "தண்ணி கொறஞ்சிருச்சு! பரிசல் எடுக்கலாம்!"

பஸ் நிலையத்திலிருந்து ஜனம் துறையைப் பார்த்து ஓடியது. மற்ற பரிசல்காரர்கள் துடுப்போடு ஓடினார்கள்.

வேண்டியது கிடைத்தது. பரிதா 'போங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். போகாதீங்க என்றுதான் உள்ளே சத்தம் கேட்டது. மேசையைத் துடைக்கும் துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஒருத்தரும் எழவில்லை.

போலீஸ்காரர் இறங்கி வந்தார். "யோவ், காது கேக்கல? பரிசல் எடுங்கய்யா!"

சென்றாயன் தலையைத் தூக்கவில்லை. "எடுத்துட்டோங்க சார். அருவி பாதியில நிக்கறோம்."

போலீஸ்காரர் மசாலாவைப் பார்த்தார். உப்பைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார்.

"பாதியிலன்னா... கீழ வுழுந்துடாதா?"

"அதுக்குத்தாங்க கொட்டை உருட்டணும்."

"யாரு உருட்டுறது?"

"ராணி."

"ராணி யாருய்யா?"

சென்றாயன் மீசையைத் தடவிக்கொண்டார்.

போலீஸ்காரர் பெஞ்சின் ஓரத்தில் மெதுவாக உட்காரப் போனார். "பூட்ஸு!" என்று அதட்டியது முதலை. அரசாங்கம் குனிந்து கயிற்றை அவிழ்த்தது.

பரிதா துணியைத் தோளில் போட்டாள். வாசலில் செருப்பு வரிசையின் கடைசியில் இரண்டு பெரிய பூட்ஸ். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, மேலே என்ன இருக்கிறதென்று. முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"உருட்டுங்கண்ணே" என்றாள்.

6

இங்கே எனக்கு ஒரு சங்கடம். அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை.

மூடி கவிழ்ந்து, எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து, போலீஸ்காரரோடு பெஞ்சும் கவிழ்வதாக ஒரு முடிவு எழுதினேன். நன்றாகச் சிரிப்பு வந்தது. மேலே ஏறியதும் இன்னொரு ஆறு ஓடுவதாக ஒரு முடிவு எழுதினேன். கொஞ்சம் அழகாக இருந்ததால் சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். கடைசியில் வெட்கத்தை விட்டுப் பரிதாவையே கேட்டேன்: மேலே என்னதான் இருக்கிறது?

"ஏறிட்டு வந்து கேளுங்க" என்றாள்.

ஆகவே ஐந்து கொட்டைகளையும் உங்கள் பக்கம் தள்ளுகிறேன். சென்றாயன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார். வெள்ளை விழுந்தால் நீங்கள் நினைப்பது, கருப்பு விழுந்தால் அவள் நினைத்தது. எப்படி விழுந்தாலும் நஷ்டமில்லாத ஒரே ஆற்றில் இருக்கிறீர்கள்.

உருட்டுங்கள். அதற்கு முன்னால், முதலை உங்கள் காலைப் பார்க்கிறது.