பெட்டியின் ஒன்பதாம் நாள்

திருச்சி ஜங்ஷனில் டெல்லி ரயிலை விட்டு இறங்கி நாலு அடி நடந்த பிறகுதான் பெரியண்ணனுக்கு அந்த நினைப்பு வந்தது. அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த மகள் சுபஸ்ரீ அவர் முதுகில் போய் மோதினாள்.

"நாம இன்னிக்கு வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார்.

"ஏங்க, சாவியை ரயில்லயே விட்டுட்டீங்களா?" என்று பதறினாள் அவர் மனைவி ஆனந்தவள்ளி.

"சாவி இருக்கு. பெட்டிக்குத்தான் இன்னிக்கு ஒன்பதாம் நாள்."

ஊரை விட்டுக் கிளம்பிய ஒன்பதாம் நாள் வீடு திரும்பக் கூடாது என்பது பெரியண்ணன் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்த சட்டம். அதற்காகவே எட்டாம் நாள் வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போட்டிருந்தார். போன வியாழன் கிளம்பினார்கள், இன்று வியாழன். எட்டுதான். ஆனால் போன வியாழன் அஷ்டமி. அதனால் புதன்கிழமையே நல்ல நேரம் பார்த்து, பெரிய பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டு ஷரபுன்னிசாவிடம் கொண்டுபோய் வைத்தார்கள். பெட்டி வாசல் தாண்டிவிட்டால் ஆளும் புறப்பட்டது போலத்தான். அன்றைக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

"அப்ப பெட்டியை வெளியில வச்சிட்டு நாம மட்டும் உள்ள போவோம்பா" என்றாள் சுபஸ்ரீ.

"போறப்ப பெட்டியும் நாமும் ஒண்ணு, வர்றப்ப வேற வேறயா? அதெல்லாம் செல்லாது. போன தடவை ஒன்பதாம் நாள் வந்தோம், என்ன ஆச்சு? உன் சித்தப்பா பொண்ணு நிச்சயம் நின்னு போச்சு."

"அந்தப் பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்துச்சுங்க" என்றாள் ஆனந்தவள்ளி.

"அது ஒன்பதாம் நாள்தானே தெரிய வந்துச்சு!"

பிளாட்பாரத்திலேயே பெரியண்ணன் தீர்ப்புச் சொன்னார். டூர் இன்னும் முடியவில்லை. இன்று தலைநகரத்தில் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றிப் பார்க்கலாம், சாப்பிடலாம், போட்டோ எடுக்கலாம். தெரிந்தவர் வீட்டுக்குப் போகக் கூடாது. நல்ல காரியம் எதுவும் பேசவும் கூடாது.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் சுபஸ்ரீ போனை எடுத்து மணி பார்த்தாள்.

சுபஸ்ரீ பிசியோதெரபிஸ்ட். திருவெறும்பூரிலிருந்து முழங்கால் வலியோடு வந்த தன் அம்மா வீராயியைக் கூட்டிக்கொண்டு வந்தவன்தான் அன்புச்செல்வன். வெல்டிங் இன்ஜினீயர். அம்மாவுக்கு முழங்கால் சரியான பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்துகொண்டிருந்தான். டூருக்கு முந்தின வாரம் வீட்டுக்கே வந்து முறையாகப் பெண் கேட்டான். "முடிவு உன்னோடதும்மா" என்று பெரியண்ணனும் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டார். அன்பு அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான்: "போன்ல மட்டும் சொல்லாதீங்க. எனக்கு ஏற்கெனவே ஒருத்தங்க வாட்ஸப்லதான் வேணாம்னு சொன்னாங்க. பிடிக்கலைன்னாலும் நேர்ல சொல்லிடுங்க."

இன்று மாலை ஆறே முக்காலுக்கு அவனுக்கு மஸ்கட் விமானம். திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும்.

காலை ஒன்பது மணிக்கு அவர்கள் மலைக்கோட்டைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெட்டியும் கூடவே ஏறியது. அதைத் தனியாக எங்கேயும் விடக் கூடாதாம். டெல்லியில் வாங்கிய கம்பளியால் கல்லாகக் கனத்தது. பாதிப் படியில் எதிரே இறங்கி வந்த துணிக்கடை சின்னையன் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"அடடே, பெரியண்ணன்! டெல்லியிலிருந்து எப்ப வந்தீங்க?"

"இன்னும் வரல" என்றார் பெரியண்ணன், மூச்சு வாங்க.

சின்னையன் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "சரிங்க, வந்ததும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

அங்கே ஒரு தூண் மறைவில் நின்று சுபஸ்ரீ அன்புக்குப் போன் செய்தாள்.

"வந்துட்டீங்களா?" அவன் குரலில் ஒரு வாரத்துத் தவிப்பு தெரிந்தது.

"இன்னும் வரல."

"ஐயோ. எங்க இருக்கீங்க?"

"டெல்லியில... அதாவது மலைக்கோட்டையில."

அவள் கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகு, "மதியம் எங்க இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டான்.

மதியம் ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில் இருந்தார்கள். மேனேஜர் அற்புதசாமி நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு பெரியண்ணன் எழுதியதைப் படித்தார். எங்கிருந்து வருகிறீர்கள்: டெல்லி. எங்கே போகிறீர்கள்: ஸ்ரீரங்கம்.

"சார், இதுதான் ஸ்ரீரங்கம்."

"தெரியும். நாளைக்குத்தான் போறோம்."

"ஆதார்ல அடுத்த தெருன்னு போட்டிருக்கே சார்."

"ஆமா, பக்கம்தான். அதான் இங்க ரூம் கேட்டோம்."

அற்புதசாமி மேற்கொண்டு கேட்காமல் சாவியைக் கொடுத்தார். முப்பது வருஷமாக லாட்ஜ் நடத்துகிறவர், எத்தனையோ பார்த்திருப்பார்.

அறை இரண்டாம் மாடியில் இருந்தது. சுபஸ்ரீ லாட்ஜ் பேரையும் அறை எண்ணையும் அன்புக்கு அனுப்பிவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வீட்டு மொட்டை மாடி. ஆனந்தவள்ளி கம்பியைப் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று, "ஐயையோ, தொட்டி வழியுது!" என்று கத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஷரபுன்னிசாக்கா, செடிக்குத் தண்ணி விட மோட்டார் போட்டீங்களா? தொட்டி வழியுதுக்கா, ஓடிப்போய் நிறுத்துங்க!"

"டெல்லியிலேருந்து உனக்கு எப்படிடி தெரியுது?"

ஆனந்தவள்ளி கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "மனசுல பட்டுச்சுக்கா" என்றாள்.

கீழே ஷரபுன்னிசா மோட்டாரை நிறுத்திவிட்டு, மாடிக்கு வந்து நிரம்பி வழிந்த தொட்டியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வாசலில் அன்புச்செல்வன், கையில் ஒரு பெட்டியோடு நின்றான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பெரியண்ணன் வழியை மறித்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இன்னிக்குத் தெரிஞ்சவங்களைப் பார்க்கிறதில்ல. நாங்க இன்னும் ஊருக்கு வரல."

"நானும் ஊர்ல இல்லைங்க. ஒண்ணரைக்கு ராகு காலம்னு அம்மா ஒரு மணிக்கே வீட்டை விட்டுக் கிளப்பி விட்டுட்டாங்க. நாலு மணிக்கு ஏர்போர்ட்ல இருந்தா போதும். அதுவரைக்கும் எனக்குப் போக்கிடம் இல்ல. நானும் பயணத்துலதான் இருக்கேன்."

பெரியண்ணனின் முகம் மாறியது. நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்பி, பெட்டியோடு தெருவில் நிற்கிற ஒரு மனுஷனை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. "உள்ள வாங்க" என்றார். ஆனால் அடுத்த நொடியே விரலை உயர்த்தினார். "நல்ல காரியம் மட்டும் பேச வேணாம். ஒன்பதாம் நாள் பேசினது நிக்காது. என் பொண்ணு விஷயத்துல அந்த ஆபத்தை நான் தொட மாட்டேன்."

சொல்லிக்கொண்டே பெட்டியைத் தன் காலோடு இழுத்து வைத்துக்கொண்டார். இத்தனை நேரம் அப்பாவின் மேல் இருந்த எரிச்சல் சுபஸ்ரீக்கு அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. இந்த மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியதெல்லாம் பயத்தில்தான். அந்தப் பயம் முழுக்க அவளுக்காகத்தான்.

"அப்பா, நாம இப்ப எங்க இருக்கோம்?"

"லாட்ஜ்ல."

"எந்த ஊர் லாட்ஜ்ல? நீங்கதானே சொன்னீங்க."

பெரியண்ணன் கொஞ்சம் தயங்கி, "டெல்லியில" என்றார்.

"வீட்டுக்குத் திரும்பினாத்தானே ஒன்பதாம் நாள் தோஷம்? நாம திரும்பவே இல்லையே. டெல்லியில நாலு நாள் இருந்தோம். குதுப் மினார் வாசல்ல நீங்க வேர்க்கடலை வியாபாரிகிட்ட தமிழ்லயே அரை மணி நேரம் பேரம் பேசினீங்க. நான் சிரிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தேன். சொல்றதுக்கு இவர் பக்கத்துல இல்ல. ஒவ்வொரு இடத்துலயும் அப்படித்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டிருந்தேன். அங்கேயே முடிவு பண்ணிட்டேன்பா. இப்ப புதுசா எதுவும் பேசப் போறதில்ல."

பெரியண்ணன் தன் சட்டத்தில் எங்கே ஓட்டை விழுந்தது என்று தேடுகிறவர் போலக் கட்டிலில் உட்கார்ந்தார்.

சுபஸ்ரீ அன்புக்கு நேராக வந்து நின்றாள். அவன் பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றுகொண்டிருந்தான்.

"எனக்குச் சம்மதம். உங்க முகத்தைப் பார்த்துத்தான் சொல்றேன்."

அவன் கையிலிருந்த பெட்டி நழுவி அவன் காலிலேயே விழுந்தது. வலித்திருக்க வேண்டும். ஆனால் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது காலுக்கா சம்மதத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை.

பெரியண்ணன் மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, விழுமான்னு பார்க்கிறீங்களா?" என்றாள் ஆனந்தவள்ளி.

"ச்சே, அதெல்லாம் இல்ல." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபேன் தன் பாட்டுக்குச் சுற்றியது.

அன்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்தான். "அப்ப நான் கிளம்புறேங்க. டிராபிக் இருக்கும்."

"எங்க கிளம்புறீங்க? மணி ரெண்டே கால்தான் ஆகுது." பெரியண்ணன் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டார். "மூணு வரைக்கும் ராகு காலம். அது முடியாம இந்த ரூமை விட்டு யாரும் வெளிய போகக் கூடாது. உட்காருங்க மாப்ளே."

பிறகு மனைவியை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டியைப் பார்க்கிற சாக்கில் நின்றுகொண்டார்.

முக்கால் மணி நேரம் இருந்தது. சுபஸ்ரீ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, டெல்லி ஸ்டேஷனில் கால் வைத்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.