கோமகளின் இடுப்புப் பட்டை

இடுப்பு வலிக்கும் மோட்சத்துக்கும் இவர்கள் எப்படி முடிச்சுப் போட்டார்கள்? கோமகளின் தோழி பெனெதெத்தாவுக்கு விளங்கவே இல்லை. எதிரே மேஜையில், வெள்ளித் தட்டில், பட்டுத் துணிமேல் அந்த ஆட்டுரோமப் பட்டை கிடந்தது. இருபுறமும் மெழுகுவத்தி. ஓரத்தில் அவள் போட்ட கோணல் தையல் அப்படியே இருந்தது.

வல்மோரா அரண்மனையில் குளிர் சுவரிலிருந்தே இறங்கும். "என் இடுப்பு செத்துப்போச்சுடி" என்று கோமகள் ஒர்த்தென்சியா புலம்பியபோது, கழுதைக்காரர்கள் கட்டுவதுபோல ஒன்றை இவள்தான் தைத்துக் கொடுத்தாள். கோமகள் அதைக் கணப்பில் காட்டிச் சூடாக்கிக் கட்டிக்கொண்டு பூனைபோலக் கண்ணை மூடுவாள். மருமகள்கள் சிரிப்பார்களே என்று பட்டாடைக்கு அடியில் மறைத்துக்கொள்வாள்.

கோமகள் இறந்த அன்று பெனெதெத்தா காய்ச்சலில் கிடந்தாள். உடலைக் கழுவிய பெண்கள் பட்டையைக் கண்டதும், முரட்டு ரோமத்தைக் கட்டி ரகசியமாக உடம்பை வதைத்த தவசி என்று கதறிவிட்டார்கள். இவள் எழுந்து நடமாடுவதற்குள் பாதிப் பட்டையை நூல் நூலாகப் பிய்த்துச் சொந்தக்கார அரசவைகளுக்கு அனுப்பியாகிவிட்டது. பக்கத்து அரச வம்சத்தில் இரண்டு புனிதர்கள். நம் வம்சத்தில் ஒருவர்கூட இல்லையே என்று பேரன் கோமகனுக்குத் தீராத ஏக்கம்.

"இதக் கட்டும்போது கோமகள் முகம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார், புனிதர் பட்டத்துக்காக விசாரிக்க வந்த ஃபுல்வியோ சாமி.

"சந்தோஷமா இருந்துச்சு சாமி."

"வேதனையிலயும் சந்தோஷம்! எழுதுப்பா," என்றார் எழுத்தரிடம்.

"வேதனை போயிருச்சேன்னு சந்தோஷம்."

"எழுதாதப்பா... சரி, வாய்விட்டு முனகினதுண்டா?"

"அவுத்தா முனகுவாங்க."

எழுத்தர் அங்கியின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சாமி குரலைத் தணித்தார். "சமையல்கட்டை ஒட்டின கதகதப்பான அறையிலதான இருக்கீங்க? புனிதரோட தோழிக்கு ஆயுசுக்கும் அது நிக்கும். இல்லேன்னா கோமகன் மனசு எப்படித் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

அவள் முழங்கால்கள் அந்த அறைக்காக ஏங்கின. கோமகளே இருந்தால், "சொல்லித் தொலையேன்டி, பக்கத்து அரண்மனைக்காரி வயிறு எரியட்டும்" என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் போன வாரம், சலவைக்காரி மகள் தெக்லா இடுப்பில் முரட்டு ரோமக் கயிற்றை இறுக்கிக்கொண்டு வந்து நின்றாள், கோமகளைப் போலவாம். தோல் உரிந்து ரத்தம் கசிந்த இடத்தில் வாத்துக் கொழுப்பைத் தடவிவிட்டவள் பெனெதெத்தா. சுகமாகக் கண்மூடிய கோமகளின் முகத்தைப் பீடத்தில் ஏற்றி, ஊர்ப் பெண்களை எல்லாம் வதைபடச் சொல்வதா?

சாமி வேதப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒறுத்தலுக்காக, உடம்ப வதைக்கத்தான் கட்டினாங்கன்னு கைய மட்டும் வைங்கம்மா. மிச்சத்த நாங்க எழுதிக்கிறோம்."

"குளிருக்குக் கட்டினாங்க சாமி. அதுக்குன்னா வைக்கிறேன்."

"அது எங்களுக்கு உதவாதே!"

"அப்ப வேணாம் சாமி," என்று சொல்லி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.