சண்டைக்கு ஒரு சில்லு

எங்கள் அப்பாவைத் தெருவில் எல்லோரும் கல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். சுரங்கங்களிலிருந்து அபூர்வமான கனிமக் கற்களை வாங்கி, சுத்தம் செய்து, சேகரிப்பவர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்பது அவர் தொழில். கட்டிலுக்கு அடியில் கல், அலமாரியில் கல், கம்பளி வைக்கிற பெட்டியிலும் கல். "கல்லானாலும் கணவன்னு சொல்லிக் கட்டி வெச்சாங்க. கல்லையும் கூட்டிட்டு வர்ற கணவன்னு ஒருத்தரும் சொல்லல" என்று அம்மா விருந்தாளிகளிடம் புலம்புவாள். புலம்பிக்கொண்டே அவர்கள் கையில் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்துப் பெருமையும் அடித்துக்கொள்வாள். லேசுப்பட்டவள் இல்லை.

அழகான கற்களுக்குக் குறைச்சலே கிடையாது. ஈயமும் வனேடியமும் சேர்ந்த வனடினைட், அறுகோணமாக வெட்டி அடுக்கிய மாதிரி சிவப்பு வில்லைகள். குரோகாய்ட் என்று ஒன்று, ஈயமும் குரோமியமும் சேர்ந்த ஆரஞ்சு நிறக் குச்சிகள். பக்கத்தில் தும்மக்கூட அப்பா விடமாட்டார். செம்புச் சுரங்கத்தின் மேல்தட்டில் கிடைக்கும் அசுரைட்டின் நீலத்தைப் பார்த்துவிட்டு எந்தப் புடவைக் கடைக்குப் போனாலும் எனக்குத் திருப்தியே வந்ததில்லை.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது இருப்பதிலேயே அவலட்சணமான ஒன்றின் மேல். முற்றிய கத்தரிக்காய்த் தோல் நிறத்தில், தலையளவு ஃப்ளோரைட் கட்டி. கால்சியமும் ஃப்ளோரினும் சேர்ந்த கல்தான் ஃப்ளோரைட், ஊர் உலகத்தில் நிறையவே உண்டு. இது மட்டும் கருங்கல் பாறைக்குள் யுரேனியத் தாதுவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. யுகயுகமாகக் கதிர் பட்டுப் பட்டு, கல்லுக்குள்ளேயே கொஞ்சம் ஃப்ளோரின் வாயு தனியாகப் பிரிந்து அடைபட்டுப் போயிருந்தது. உடைத்தால் அது குப்பென்று வெளியே வரும். நீச்சல்குளமும் மின்சாரப் பொறியும் கலந்த மாதிரி ஒரு நெடி. சுரங்கத்து ஆட்கள் அதற்கு வைத்த பெயர் நாற்றக்கல். அந்தச் சுரங்கத்தில் பிறகு தண்ணீர் ஏறி மூடிவிட்டார்கள். இனி அங்கிருந்து ஒரு துண்டுகூட வராது.

கல்யாணமான புதிதில் அப்பா மாதக்கணக்காக அந்தச் சுரங்கத்துக் கற்களை உடைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாராம். சட்டை, மீசை, தலையணை, எல்லாவற்றிலும் அந்த நெடி. அம்மாவைக் கேட்டால் புருஷன் வாசனை என்றால் அதுதான். அதனால் அவள் கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அப்பா சமாதானப் பேச்சே பேசமாட்டார். சமையலறைக்குச் சுத்தியலும் கல்லுமாக வந்து, அவள் மூக்குக்குக் கீழே ஒரு சில்லு தட்டுவார். அம்மா முகத்தைத் திருப்பப் பார்ப்பாள், முடியாது. சிரித்துவிடுவாள். கல் வருஷா வருஷம் இளைத்தது. என் கல்யாணத்தின்போது தேங்காயளவு இருந்தது. கடைசியில் எலுமிச்சை அளவு. எத்தனை சண்டை போட்டிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிச் சண்டைக்கு மட்டும் சில்லு தட்டவில்லை. துருக்கறை போக ஒரு கல்லை அமிலத்தில் ஊறப்போட அம்மாவின் புதுப் பால் பாத்திரத்தை எடுத்துவிட்டார் மனுஷன். "இந்த வீட்ல எனக்குன்னு ஒரு ஏனம்கூடக் கிடையாதா?" என்று அம்மா கத்த, அவர் பாட்டுக்குக் கடைக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். மத்தியானமே கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அதற்குப் பிறகு அம்மா அவர் படத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது கோபம். அது தீராமல் அவளால் அழக்கூட முடியவில்லை.

கல்லையாவது அவளே தட்டியிருக்கலாம். எடுப்பாள், "அப்புறம்" என்று வைத்துவிடுவாள். அதற்குள் போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து அவள் மூக்கைத் தின்றுவிட்டது. பால் கருகினாலும் தெரியாது, சோப்பும் தெரியாது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர்!

இந்த நேரத்தில்தான் அருங்காட்சியகத்து அதிகாரி வந்தார். கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சுரங்கத்துக் கல் அவர்களிடம் ஒன்றுகூட இல்லையாம். "முழுசா குடுங்க. கீழே உங்க அப்பா பேரைப் பொறிச்சு வைக்கிறோம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரெல்லாம் கல்லுக்காரன் என்று கேலி பேசிய மனுஷனின் பெயர் கண்ணாடிப் பேழைக்குள்! நாளைக்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னதும் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணாடிக்குள்ள வெச்சா யாரு மோந்து பாப்பா?"

"மோந்து பாக்க இப்ப உனக்கு மூக்கு எங்கம்மா இருக்கு? உடைச்சா வீணாப் போயிடும். மூக்கு வரட்டும், அப்புறம் பேசு."

"மூக்கு வரும்போது நான் இருக்கணுமேடி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா பெயரைவிட உன் பிடிவாதம் பெரிதா என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவள் எழுந்துபோய்ச் சுத்தியலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"எனக்குக் கை நடுங்குது. நீ உடை."

நான் ஒரு தந்திரம் செய்தேன். கல்லின் பின்பக்கமாகப் பார்த்து, பேழையில் வைத்தால் தெரியாதபடி ஓர் ஓரத்தில் மட்டும் மெதுவாகத் தட்டினேன். கடுகளவு தெறித்தது, நெடி ஏறியது. அவ்வளவுதான், அப்பா வந்துவிட்டார். கடையிலிருந்து வந்து என்னைத் தூக்குகிற அப்பா, அவர் கழுத்து, அவர் சட்டைக் காலர். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நிமிர்ந்தால், அம்மா கல்லின் மேல் குனிந்து, மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வருதாடி?"

தலையாட்டினேன்.

"எனக்கு வரல" என்றாள். பொம்மை கிடைக்காத குழந்தை மாதிரி இருந்தது அவள் முகம். ஐயோ, எனக்கு மட்டும் கிடைத்துவிட்டதே என்று இருந்தது. என் மூக்கைப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

அருங்காட்சியகமாவது ஒன்றாவது. கல்லைத் தரையில் நிறுத்தி, நடுமண்டையில் ஓங்கிப் போட்டேன். பட்டென்று நாலைந்து துண்டாகப் பிளந்தது. அம்மா முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் ஒரே இழுப்பாக இழுத்தாள். சட்டென்று பின்வாங்கினாள். இருமினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"வாசனை வருதாம்மா?"

"வாசனை இல்லடி." மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். "எரியுது. உள்ளே போய் எரியுது பாரு, இது அவரோடதுதான். இப்படித்தான் எரியும்."

வாசனை செத்தாலும் எரிச்சல் சாகாது போலிருக்கிறது. இருமலும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா போன அன்றைக்கு அழ வேண்டியதையெல்லாம் அப்போதுதான் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஓய்ந்தபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, சுவரில் இருந்த படத்துக்கு நேராகப் போய் நின்று, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, கோபமெல்லாம் இல்ல" என்றாள். "போயிட்டு வாங்க."