கோபத்துக்கு ஒரு நம்பர்

மகள் அம்மாவின் தலையை வாரிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாவின் போன் ஐந்தாவது தடவையாக அடித்தது.

"அதை அணைச்சுத் தொலையேன்," என்றார் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. காலையிலிருந்து அழுவதும் நாற்காலிகளை இடம் மாற்றிப் போடுவதுமாக இருந்தார்.

மகள் எடுத்தாள்.

"ஆயாம்மா, பேக்கரி பேசுறேன். நம்பர் மாத்திட்டேன். நீங்க திட்டுறதுக்குள்ள சொல்லிட்டேன், எழுதிக்குங்க."

அம்மா காலையில் இறந்துபோனதை அவள் சொன்னாள். பிறகு, "நீங்களாச்சும் எழுதிக்குங்கம்மா," என்றான். எழுதிக்கொண்டாள்.

இருபத்தாறு வருடம் மனநல மருத்துவமனையில் ஆயாவாக இருந்தவள் அம்மா. தேறி வீட்டுக்குப் போகிறவர்களிடம் அங்குள்ள படிவம் ஒரே ஒரு நம்பர்தான் கேட்கும். பாதிப் பேருக்கு அது மாதத்துக்குள் மாறிவிடும். மாத்திரை சாப்பிட்டாயா, தூக்கம் வருகிறதா என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டிய நர்ஸ், 'தொடர்பில் இல்லை' என்று எழுதி மூடிவிடுவார். படித்தவர்கள் போட்ட படிவம். வீட்டிலேயே முதல் பட்டம் வாங்கிய மகளுக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அம்மா மட்டும் வெளியே போகிறவர்களை வாசல் கேட்டில் மறிப்பாள்.

"வீட்டுல கோவிச்சுக்கிட்டா யாருகிட்ட போவ? அந்த நம்பரையும் கொடு."

போன் மறுபடி அடித்தது. அந்த நர்ஸ்தான்.

"கிளம்பிட்டேம்மா, வந்துக்கிட்டே இருக்கேன். இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். தையல்காரப் பொண்ணு தேறி வீட்டுக்குப் போய் இன்னைக்கு ஏழாம் நாள். நம்பர் உபயோகத்துல இல்லைங்குது. போன தடவை இப்படி விட்டுத்தான், பாலத்துல ஏறி நின்னவளைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க."

"சாவு வீட்டுல நம்பர் கேக்குறீங்க. படிவத்துல இன்னொரு கோடு போடுங்கன்னு எங்கம்மா எத்தனை வருசம் கெஞ்சினாங்க? ஒரு கோடு. அடிச்சுக் கொடுக்க ஸ்கேல் இல்லையா உங்ககிட்ட?"

"திட்டும்மா. திட்டிக்கிட்டே தேடு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேடினாள். பேக்கரி, பேக்கரி கோவம். லாரி, லாரி கோவம். தையல். தையல் கோவம்.

ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். வயதான பெண் குரல் எடுத்தது.

"இங்கதான் இருக்கா. நேத்து மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வந்தா. இப்ப என் ஜாக்கெட்டப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு, எந்தக் குருடன் தச்சான்னு கேக்குறா. தச்சதே அவதான்."

"மாத்திரை?"

"முழுங்கிட்டுத்தான் திட்டுறா."

கட்டிலைச் சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டே சிரித்தார்கள். நடுவில் அம்மா பாதிப் பின்னலோடு படுத்திருந்தாள்.

நர்ஸுக்கு அந்த நம்பரை அனுப்பிவிட்டுப் பட்டியலை மூடப்போனவளின் விரல் நின்றது. பாப்பா. அது அவள்தான். அதற்குக் கீழே, பாப்பா கோவம்.

அழுத்தினாள். மாமாவின் சட்டைப்பைக்குள் மணி அடித்தது.

நான்கு தடவை கதவை அறைந்து சாத்திவிட்டு மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாதென்று நான்கு தடவையும் அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

"என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்றார் மாமா, கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்காமல். "நீ எங்க வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள அக்கா போன் அடிச்சிடுவா. வந்துட்டாளா, சாப்பிட வைன்னு சொல்லிட்டு வச்சிடுவா."

"நாலு தடவையுமா?"

"நீ சொல்லிக்காம போனது நாலு. அவ அடிச்சது அஞ்சு. ஒரு தடவை நீ கடைக்குத்தான் போயிருந்த."

மறுபடி சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. மகள் பின்னலை முடித்து நுனியில் முடிச்சுப் போட்டாள்.

எல்லாம் முடிந்து, மாலையில் மாமா வீட்டுக்குப் போனார்கள். மாமா பூட்டைத் திறந்து விளக்கைப் போட உள்ளே போனார். அம்மாவின் போன் மகளின் கையில் இருந்தது. வாசலில் நின்று வலது செருப்பைக் கழற்றினாள். இடது செருப்பின் வாரில் விரலை வைத்தபடி, அவசரப்படாமல் நின்றாள்.