கிளட்ச் அக்காவின் கட்டைவிரல்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று தொண்டை கிழியக் கத்திக் கத்தியே ஊருக்கெல்லாம் கிளட்ச் அக்கா ஆகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வாய்க்கு விடுமுறை. அன்றைக்குக் கைக்குத்தான் வேலை. துப்பாக்கி சுடும் கிளப்பில் அவளைப் போல வேகமான கை கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவளிடம் தோற்றவர்கள் வயிற்றெரிச்சலோடு சொல்வது.

அவளுடைய பிஸ்டல் கனத்த பழைய இரும்பு. அதன் இடது பக்கத்தில் சேஃப்டி என்று ஒரு சின்னக் கொக்கி. அது மேலே இருக்கும் வரைக்கும் நீங்கள் தலைகீழாக நின்றாலும் குண்டு வராது. போட்டியில் டைமரின் 'பீப்' சத்தம் கேட்டதும் இடுப்பு உறையிலிருந்து உருவி, உயர்த்துகிற போக்கிலேயே கட்டைவிரலால் அதைக் கீழே தட்டிவிட வேண்டும். அக்காவின் கட்டைவிரல் இருபது வருஷமாக அதைத் தட்டிக்கொண்டிருக்கிறது. தூக்கத்தில் போர்வையைக்கூட அப்படித்தான் தட்டும் என்பது அவள் புருஷனின் புகார்.

கிளப்பிலிருந்து மண்டலப் போட்டிக்கு நாலு பேர் போகலாம். மூன்று இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் ஒரே ஓர் இடம், அதற்கு ஒரு தேர்வு. அக்காவுக்கு அந்த இடத்தின் மேல் உயிர். ஒரு வருஷம் காய்ச்சல், ஒரு வருஷம் மகளுக்குப் பிரசவம், ஒரு வருஷம் புருஷன் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டது என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே விழுந்தது. மூக்குக் கண்ணாடியின் பவரோ ஏறிக்கொண்டே போகிறது. இந்தத் தடவையும் விட்டால் இனி கைதட்டத்தான் போகவேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சரியாக அப்போது பார்த்து பிஸ்டலின் மேல்பாகத்தில், அதாவது முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடில், முடி மாதிரி ஒரு விரிசல்.

"பார்ட்ஸ் வரணும். வந்தா பார்க்கலாம்" என்றார் கிளப் மெக்கானிக். 'வந்தா' என்பதை அவர் இழுத்த இழுப்பிலேயே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில் கைகொடுக்க வந்தவள் யார் தெரியுமா? நாத்தனார். புருஷனின் தங்கை, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "அண்ணி, என்கிட்ட இன்னொண்ணு சும்மாத்தான் கிடக்கு. எடுத்துக்கோங்க." நல்ல மனசுதான். ஆனால் அந்த நாலாவது இடத்துக்குப் போட்டியிடும் இன்னொரு ஆளும் இதே நாத்தனார்தான். அக்காவுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது.

"எதிராளிக்கு எவளாவது துப்பாக்கி கொடுப்பாளா? ஏதோ உள்குத்து இருக்கு" என்றாள் புருஷனிடம்.

"அவ கொடுக்கலைன்னா கல்நெஞ்சக்காரின்னு சொல்லியிருப்ப. கொடுத்தாலும் தப்பா? ஆளை விடும்மா" என்று அவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிய மனுஷன் வேறு எங்கே போவார், பாவம்.

நாத்தனாரின் பிஸ்டல் வேறு ஜாதி. எடை கம்மி. பிடி சாய்வாக இருக்கும். முக்கியமாக, தட்டிவிட சேஃப்டியே கிடையாது. விசையை முழுக்க அழுத்தினால்தான் வெடிக்கும், மற்றபடி கட்டைவிரலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதல் நாள் அக்கா உருவி உயர்த்தினாள், பிஸ்டலின் மூக்கு வானத்தைப் பார்த்தது. பிடியின் சாய்வு மாறினால் மணிக்கட்டும் மாறவேண்டாமா? முதல் குண்டு இலக்குக்கு மேலே போய் மண்மேட்டில் புதைந்தது.

"காக்காயா சுடறீங்க அண்ணி?"

"உன் துப்பாக்கிக்குத் திமிரு. உன்னை மாதிரியே."

அதையாவது சரிசெய்துவிட்டாள். கட்டைவிரல்தான் அடங்க மறுத்தது. இல்லாத சேஃப்டியைத் தேடிப் போய், அந்த இடத்திலிருந்த வேறொரு கொக்கியின் மேல் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு பின்னால் போய் நின்று 'காலி' என்று காட்ட வேண்டும். அக்காவின் விரல் அழுத்துகிற அழுத்தத்தில் அது நிற்காமல் மூடிக்கொள்ளும். அவளும் குண்டு தீர்ந்தது தெரியாமல் காலித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வீராவேசமாக 'டிக்' என்று அழுத்துவாள். பின்னால் நிற்கிறவர்கள் இருமுவது போல் சிரிப்பார்கள்.

வேலையிலும் அதே கூத்து. மருந்துக்கடைக்காரர் ஒருவர் கியரே இல்லாத புதுக் கார் வாங்கிவிட்டு அவளிடம் பழக வந்திருந்தார். முப்பது வருஷமாக கிளட்ச் மிதித்த அவருடைய இடது கால், கிளட்ச் இல்லாத காரில் பிரேக்கைப் போய் ஓங்கி மிதித்தது. கார் குலுங்கி நின்றது, அக்காவின் நெற்றி காரின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியது.

"ஐயா, நாளையிலேர்ந்து அந்த இடது காலை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வாங்க!"

"காலு என் பேச்சைக் கேட்டாத்தானேம்மா."

எப்போதும் இதற்கு ஒரு அரைமணி நேரம் அர்ச்சனை நடக்கும். அன்றைக்கு அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தபடி, "சரி, மறுபடி எடுங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் நாத்தனார்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்திரி கொண்டுவந்து, கட்டைவிரல் கீழே இறங்காதபடி நிமிர்த்தி ஒட்டிவிட்டாள். தினமும் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்கு வருவாள். குண்டில்லாத பிஸ்டலோடு கூடத்தில் பயிற்சி. நோயாளிகளிடம் பேசிப் பேசி ஊறிப்போன குரலில், "மூச்சை இழுங்க... பிடிங்க... கட்டைவிரல் அண்ணி, கட்டைவிரல்! ...விடுங்க" என்பாள். "இங்கதான் நான் சொல்ல முடியும். போட்டியில சுடறவங்களுக்கு வாயால உதவினா ரெண்டு பேருக்கும் பத்துப் பத்துப் புள்ளி வெட்டிடுவாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

மெல்ல மெல்ல விரல் அடங்கியது. பிளாஸ்திரி போனது. விரல் தன்பாட்டில் நிமிர்ந்து நின்றது. அக்காவுக்கே ஆச்சரியம்.

தேர்வு நாள் காலையில் மெக்கானிக் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தார். கையில் அக்காவின் பழைய பிஸ்டல், புது ஸ்லைடோடு பளபளவென்று. "பார்ட்ஸ் வந்துடுச்சு! ராத்திரி முழுக்க உட்கார்ந்து சேர்த்தேன்." அக்கா பறிக்காத குறையாக வாங்கினாள். அந்தக் கனம் கையில் இறங்கியதும் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. நிதானமாக சேஃப்டியைத் தட்டி இரண்டு குண்டு சுட்டுப் பார்த்தாள். இரண்டும் நட்டநடு.

நாத்தனார் அவளைத் தனியாக இழுத்தாள். "அண்ணி, இன்னைக்கு இதை எடுக்காதீங்க. என்னோடதையே வெச்சு சுடுங்க. இவ்வளவு நாள் பழகியிருக்கீங்க."

ஓகோ! சாயம் வெளுத்தாச்சு என்று நினைத்தாள் அக்கா. என் கைக்கு என் துப்பாக்கி வந்ததும் பயம் வந்துவிட்டதாக்கும்.

"உன் அக்கறைக்கு ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு, இரவல் பிஸ்டலைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தாள். முகம் திருப்பிய வேகத்தில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

முதல் சுற்று. குண்டு நிரப்பினாள், மறக்காமல் சேஃப்டியை மேலே ஏற்றினாள், உறையில் செருகினாள். அதுவரை எல்லாம் மூளையின் வேலை, குறையே இல்லை. பீப் அடித்தது. அதற்கப்புறம் எல்லாம் கையின் வேலை. உருவினாள், உயர்த்தினாள், கட்டைவிரல் சமத்தாக நிமிர்ந்தே நின்றது. விசையை அழுத்தினாள். கல்லு மாதிரி இருந்தது.

மறுபடி அழுத்தினாள். ம்ஹூம். அடைப்பு என்று நினைத்து ஸ்லைடைப் பிடித்து இழுத்தாள். சேஃப்டி போட்டிருந்தால் அந்தப் பிஸ்டலில் ஸ்லைடும் நகராது. பல்லைக் கடித்து, கிணற்றுக் கயிறு மாதிரி இழுத்தாள்.

"பாவி மனுஷா, கெடுத்துட்டியே!" என்று மெக்கானிக்கை நோக்கி ஒரு அலறல். அவர் வெளிறிப்போனார். டைமர் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பத்துப் புள்ளி. நாத்தனார் உதட்டைக் கடித்தாள். கையால் வாயைப் பொத்தினாள். அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் நாலாவது இடம் அவளுடையது.

"கட்டைவிரல், அண்ணி! கட்டைவிரல்!"

விரல் சடாரென்று இறங்கியது. அப்புறம் அக்கா சுட்டதைப் பற்றி இன்றைக்கும் கிளப்பில் பேசுகிறார்கள். கோபமும் வெட்கமுமாகச் சேர்ந்து பொரிந்து தள்ளிவிட்டாள். மிச்சச் சுற்றுகளில் பீப் அடித்ததும் "கட்டைவிரல்!" என்று தானே சத்தமாகக் கத்திக்கொண்டுதான் உருவினாள். தனக்குத்தானே கத்தக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. நடுவர் புத்தகத்தைப் புரட்டியே பார்த்துவிட்டார்.

இருவருக்கும் பத்துப் புள்ளி வெட்டு விழுந்தது. கடைசிக் கணக்கில் ஆறு புள்ளி முந்தி நின்றவள் கிளட்ச் அக்கா.

எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் கூட்டத்தில் நாத்தனாரைத் தேடினாள். அவள் ஓரமாகத் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா நேராகப் போய் முன்னால் நின்றாள்.

"ஏன்டி கத்தின?"

"அந்தக் கண்ராவியைப் பார்த்துட்டு யாரால சும்மா நிக்க முடியும்?"

"உன் இடம் போச்சே."

"போச்சு" என்றாள் நாத்தனார். சிரிக்கத்தான் பார்த்தாள், கண் ஒத்துழைக்கவில்லை. "வருத்தமாத்தான் இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய்."

"நீ என்னைக் கவுக்கத்தான் துப்பாக்கி கொடுத்தேன்னு நினைச்சேன். காலையில நீ சொன்னதையும் அப்படித்தான் நினைச்சேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கோடி."

"நீங்க நினைச்சது எனக்குத் தெரியும். உங்க மூஞ்சியில எக்ஸ்ரே எடுக்கவே வேண்டாம், எல்லாம் வெளியிலயே தெரியும்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். கூட்டமே வேறு பக்கம் பார்ப்பது போல இந்தப் பக்கம் பார்த்தது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, தன் பழைய பிஸ்டலைக் காலி செய்து, இரண்டு தடவை பார்த்து, நடுவரிடமும் காட்டி, நாத்தனாரிடம் நீட்டினாள்.

"மண்டலப் போட்டிக்கு உன்னோடதை எடுத்துட்டுப் போறேன். இனி ரெண்டுக்கும் நடுவுல நான் அல்லாட முடியாது. இது உன்கிட்ட இருக்கட்டும். அடுத்த வருஷம் இதோட நீ போகணும், நான் பின்னால நின்னு பார்க்கணும்."

"இது நீங்க உசுரா வெச்சிருக்கிறதாச்சே, அண்ணி."

"அதனாலதான். பிடி."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுடும் கோட்டில் போய் நின்றாள். அக்கா பழக்கதோஷத்தில் சேஃப்டியை மேலே ஏற்றித்தான் கொடுத்திருந்தாள். நாத்தனார் காலிப் பிஸ்டலை மண்மேட்டை நோக்கி அழகாக உயர்த்தினாள், மூச்சை இழுத்தாள், பிடித்தாள், விசையை அழுத்தினாள். விசை நகரவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மெக்கானிக்கைத் தேடினாள்.

கிளட்ச் அக்கா நாள் முழுக்கக் கத்திப் பழகிய அந்தத் தொண்டையைத் திறந்தாள்.

"கட்டைவிரல்டி!"

இந்தத் தடவை யாரும் புள்ளி வெட்டவில்லை.